6.57-க்கு ஒரு கலெக்ட் கால்

பிப்ரவரி 11, காலை 8.20 (இழையைத் தொடங்கிய வாசகர்)

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் சிகமோர் என்று ஒரு சின்ன ஊர். 1957-ல் அங்கே மரியா ரிடல்ஃப் என்ற ஏழு வயதுச் சிறுமியைக் கடத்திக் கொன்றுவிட்டார்கள். 55 வருடம் கழித்து 2012-ல் ஒருவருக்கு ஆயுள் தண்டனை. அன்றைக்கு மரியாவோடு விளையாடிய தோழியே புகைப்படத்தைப் பார்த்து 'இவன்தான்' என்றிருக்கிறாள். ஆனால் 2016-ல் ஏதோ பழைய போன் கால் கணக்கைக் காட்டி ஆளை வெளியே விட்டுவிட்டார்கள். கண்ணால் பார்த்தவள் சொல்வதைவிட ஒரு துண்டுச் சீட்டு பெரிதா? என்னால் ஏற்க முடியவில்லை.

பிப்ரவரி 11, இரவு 9.50 (இங்கிருந்து என் பதில்கள்)

முக்கால்வாசி உங்கள் கட்சிதான். பெரிய விஷயம் நடந்த நாள் மனசில் அப்படியே நிற்கும். நான் மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில், அதாவது வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கும் நிலையத்தில், ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். இறந்த விடியற்காலை நான் போர்டில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். சூப்பர்வைசர் காபி டம்ளரோடு நின்றது வரை இன்றும் கண்ணில் இருக்கிறது.

வழக்குக்கு வருகிறேன். 1957 டிசம்பர் 3. சிகமோரின் மக்கள்தொகை அப்போது சுமார் 7,000. லேசாகப் பனி விழ ஆரம்பித்த மாலை. மரியாவும் எட்டு வயதுத் தோழியும் தெருமுனையில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு இளைஞன் வருகிறான். பெயர் ஜானி, வயது 24, கல்யாணம் ஆகவில்லை என்கிறான். உப்பு மூட்டை தூக்கட்டுமா என்று கேட்கிறான். மரியா முதுகில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு, வீட்டுக்கு ஓடிப் பொம்மையை எடுத்து வருகிறாள். அப்புறம் தோழிக்குக் கை விறைக்கிறது, கையுறை எடுக்க அவள் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வந்தால் இரண்டு பேரும் இல்லை.

ஒரு கையுறை எடுத்துவரும் நேரம்தான்.

எஃப்.பி.ஐ. வந்தது. ஜனாதிபதி ஐசனோவர் வரை தினமும் விசாரித்தாராம். 1958 ஏப்ரல் 26-ல், சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, வுட்பைன் என்ற ஊர்ப்பக்கம் காளான் தேடிப் போனவர்கள் கண்ணில் உடல் பட்டது. குடும்பத்துக்குக் கூடுதல் வேதனை வேண்டாம் என்று அந்த இடத்தில் புகைப்படமே எடுக்க விடவில்லை மரண விசாரணை அதிகாரி. நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசால் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு தடயம் போச்சு.

பிப்ரவரி 12, காலை 6.15

ராத்திரி தூக்கமில்லை. அந்தச் 'சீட்டு' என்ற சொல்தான் உறுத்திக்கொண்டிருந்தது. 31 வருடம் நான் எழுதியதே சீட்டுதான்.

தண்டிக்கப்பட்டவர் ஜாக் மெக்கல்லோ. அன்றைய பெயர் ஜான் டெசியர், வயது 18, மரியா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் குடியிருந்தவர். 1957-லேயே எஃப்.பி.ஐ. அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. விமானப் படையில் சேர ராக்போர்டு போயிருந்தேன், அங்கிருந்து வீட்டுக்கு ஒரு கலெக்ட் கால் போட்டேன் என்றார். ராக்போர்டு அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். தொலைபேசிக் கம்பெனிக் கணக்கைப் பார்த்தார்கள். மாலை 6.57-க்கு ராக்போர்டிலிருந்து அவர் வீட்டு எண்ணுக்குக் கால். பேசியவர் பெயர் 'டாசியர்' என்று பதிவாகியிருந்தது. பொய்க் கண்டுபிடிப்புக் கருவிச் சோதனையிலும் தேறினார். விட்டுவிட்டார்கள்.

'டாசியர்' என்று எழுத்துப் பிழை இருக்கிறதே, சந்தேகமாக இல்லையா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, எனக்கு நம்பிக்கை வந்ததே அந்தப் பிழையால்தான். ஆபரேட்டர் காதில் விழுவதைத்தான் எழுதுவாள். நான் உலகநாதனை லோகநாதன் என்று எழுதியிருக்கிறேன், பியாரிலாலை பியாரேஜான் ஆக்கியிருக்கிறேன். கலெக்ட் காலில் பணம் கட்டப்போவது எடுக்கிறவர். அதனால் ஆபரேட்டர் பெயர் கேட்டு, 'இன்னார் பேசுகிறார், ஏற்றுக்கொள்கிறீர்களா' என்று எதிர்முனையில் கேட்டே ஆகவேண்டும். ஆள், இடம், நேரம் மூன்றும் காகிதத்தில் ஏறும். இதில் கொலையும் இல்லை, நீதியும் இல்லை. கம்பெனிக்குக் காசு வரவேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, காலை 6.40

மேலே விட்டுப்போனது. எங்கள் டிக்கெட்டில், அதாவது ஒவ்வொரு காலுக்கும் எழுதும் அந்தச் சீட்டில், இருந்தவை: கூப்பிடும் எண், வேண்டிய எண், பி.பி. கால் (குறிப்பிட்ட ஒருவரிடம் மட்டும் பேசக் கேட்பது) என்றால் ஆள் பெயர், புக் பண்ணிய நேரம், கனெக்ட் ஆன நேரம், எத்தனை நிமிஷம். எவ்வளவு அவசரம், ஆர்டினரியா, அர்ஜென்ட்டா, லைட்னிங்கா என்றும் எழுதவேண்டும்.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் பில்லைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். 'இந்தக் கால்களை நாங்கள் போடவே இல்லை.' கட்டுக் கட்டாகச் சீட்டை அவிழ்த்து எடுத்துக் காட்டினோம். வாரத்துக்கு மூன்று, எல்லாம் பி.பி. கால், எல்லாவற்றிலும் ஒரே பெண் பெயர். கூட வந்திருந்த மகன் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா சத்தம் போடாமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 12, இரவு 10.05

சரி, 55 வருடம் கழித்து எப்படிக் கிளம்பியது?

1994-ல் டெசியரின் அம்மா புற்றுநோயில் படுத்திருக்கிறார், வலிக்கு மார்பின். அந்த நிலையில் மகளிடம், காணாமல் போன அந்தப் பெண்ணை 'ஜான்தான் செய்தான்' என்றாராம். மகள் 14 வருடம் அதைச் சுமந்துகொண்டிருந்து, 2008-ல் இல்லினாய் மாநிலப் போலீசுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாள். வழக்கு மறுபடி திறக்கிறது. பழைய காதலி ஒருத்தியின் வீட்டில், சட்டம் போட்ட படத்துக்குப் பின்னாலிருந்து, பயன்படுத்தாத ரயில் டிக்கெட் ஒன்று கிடைக்கிறது. ராக்போர்டிலிருந்து சிகாகோவுக்கு. ரயிலில் போனதாகச் சொன்ன ஆள் ரயிலிலேயே போகவில்லை, அப்படியென்றால் சொன்ன கதை முழுக்கப் பொய் என்று கணக்குப் போட்டார்கள். 2011 ஜூலையில் சியாட்டிலில் கைது. அவருக்கு 71 வயது, ஒரு முதியோர் குடியிருப்பில் இரவுக் காவலாளி. இடையில் ராணுவத்தில் இருந்திருக்கிறார், வாஷிங்டன் மாநிலத்தில் போலீஸ்காரராகவும் இருந்திருக்கிறார்.

சாகப்போகும் தாய் சொன்ன மரண வாக்குமூலம் என்பதால் அதற்கு எடை அதிகம். எனக்கும் அந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது.

பிப்ரவரி 13, காலை 7.30

மேலே எழுதியது தப்பு. இழையில் வக்கீல் தம்பி ஒருவர் பிடித்துவிட்டார். மரண வாக்குமூலம் என்பது சாகிறவர் தன் சாவுக்கான காரணத்தைப் பற்றிச் சொல்வது. நம் பழைய சாட்சியச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு. அந்த அம்மா சொன்னதோ வேறொருவர் கொலையைப் பற்றி. அவர் அதை நேரில் பார்த்ததாகவும் இல்லை. கேள்விப்பட்ட சாட்சியம், அவ்வளவுதான். அங்கேயும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல், அதை ஏற்றது தவறு, ஆனாலும் மற்ற சாட்சியங்கள் போதும் என்று கொலைத் தண்டனையை அப்படியே விட்டது. கடத்தல் குற்றத்துக்கு மட்டும் காலவரம்பு தாண்டிவிட்டது என்று அதை ரத்து செய்தது.

இதிலே வயிற்றெரிச்சல் எது தெரியுமா? 1957-ல் எழுதிய எஃப்.பி.ஐ. அறிக்கைகளும் விசாரணையில் உள்ளே வரவில்லை. எழுதியவர்கள் செத்துப்போய்விட்டார்கள், அதனால் அவையும் கேள்விப்பட்டவை. செத்துப்போன அம்மா சொன்னது உள்ளே, செத்துப்போன அதிகாரி எழுதியது வெளியே.

பிப்ரவரி 13, மதியம் 1.10

'அக்கா ஏன் இதைப் படமாக எடுக்கக் கூடாது' என்று கேட்ட அவிநாசிக்காரருக்கு: ஹீரோ ஒரு போன் பில். கால்ஷீட் கிடைக்காது.

பிப்ரவரி 13, இரவு 9.30

தோழி காட்டிய அடையாளம். இழை தொடங்கியவர் இதைத்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறார், அதனால் கொஞ்சம் நிதானமாக.

2010-ல் அவளுக்கு ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள் காட்டினார்கள். ஐந்து படங்கள் பள்ளி ஆண்டு மலரில் வந்தவை. கோட்டு, டை, பின்னணி வெளிர். டெசியருக்குப் பள்ளி மலரில் படமில்லை, அதனால் வேறெங்கிருந்தோ எடுத்து வைத்தார்கள். அவர் படத்தில் கோட்டு இல்லை, பின்னணி இருட்டு. ஐந்து பேர் பள்ளிப் பையன்கள், ஒருவன் மட்டும் வேறு தினுசு. நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் பாஸ்போர்ட் படம் ஒன்றைச் செருகிவிட்டு 'இதில் யார் வெளியாள்' என்று கேட்பது போல.

அவள் பொய் சொன்னாள் என்று நான் சொல்லவே மாட்டேன். எட்டு வயதிலிருந்து ஊரே அவளை 'அவனைப் பார்த்த பெண்' என்று பார்த்திருக்கிறது. ஏறக்குறைய 53 வருடம். அந்த முகத்தை எத்தனை ஆயிரம் முறை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள்! எடுக்க எடுக்கத் தேயாதா? 1957-லேயே, அதே மாதம், ஒரு அணிவகுப்பில் வேறொரு ஆளைக் காட்டியிருக்கிறாள். அவருக்கும் சம்பவத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. குழந்தை, பாவம்.

பிப்ரவரி 14, காலை 11.00

இது கொஞ்சம் சங்கடமான பதிவு. எங்கள் பழைய ஆபரேட்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த இழையைப் போட்டேன். அரை மணியில் ஒரு தோழியிடமிருந்து பதில்: 'ஏய், எம்.ஜி.ஆர். செத்த அன்னிக்கு நீ லீவு. போர்டுல உட்கார்ந்து அழுதது நான். நீ பொங்கலுக்கு முன்னாடி வந்து ஜாயின் பண்ணினப்ப உங்கிட்ட சொன்னேன்.'

அவளுக்குத்தான் வயசாகிவிட்டது. நான் இருந்தேன். டம்ளர் எவர்சில்வர், விளிம்பு நசுங்கியது. இதைக்கூடவா கற்பனை பண்ணுவேன்?

பிப்ரவரி 14, இரவு 8.45

வேறு பேசுவோம். 2012-க்கு முன்பே இந்த வழக்கை ஒருமுறை முடித்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1997-லேயே சிகமோர் போலீஸ் அதிகாரி ஒருவர் 'கண்டுபிடித்தாயிற்று' என்று மூடிவிட்டார். அவர் கைகாட்டியது ஒரு முன்னாள் லாரி ஓட்டுநரை. திருவிழா ராட்டினக் கூட்டத்தோடும் ஊர் ஊராகச் சுற்றியவர், வேறொரு சிறுமி கொலையில் பின்னாளில் குற்றம் சாட்டப்பட்டவர். 1992-லேயே இறந்தும் போனார். செத்தவரா வந்து மறுக்கப்போகிறார்?

ஆக ஒரே கொலை இரண்டு முறை தீர்ந்தது. ஆள் வேறு வேறு.

2012 விசாரணையில் ஜூரி இல்லை, நீதிபதி மட்டும். சிறையில் கூட இருந்த கைதிகள் மூன்று பேர் 'எங்களிடம் ஒப்புக்கொண்டார்' என்று சாட்சி சொன்னார்கள். இந்த வகைச் சாட்சியத்துக்கு என்ன மரியாதை என்பதை வக்கீல் தம்பியே சொல்லட்டும்.

பிப்ரவரி 15, காலை 5.50

போன் கணக்கு மறுபடி எப்படி வெளியே வந்தது என்று கேட்டவர்களுக்கு.

தீர்ப்புக்குப் பிறகு அந்த மாவட்டத்துக்குப் புது அரசு வழக்கறிஞர் வருகிறார், ரிச்சர்ட் ஷ்மாக். அரசுத் தரப்பு ஜெயித்த வழக்கு. அவர் சும்மா இருந்திருக்கலாம், ஊரும் அதைத்தான் விரும்பியது. மனிதர் பழைய பக்கங்கள் அத்தனையையும் படித்தார். தொலைபேசிக் கம்பெனியிடம் பழைய ஆவணங்களைக் கேட்டு வாங்கினார். 6.57 கால் ராக்போர்டு நகர அஞ்சலகத்திலிருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து போனது என்று தெரிந்தது.

1957 பதிவுகளின்படி மரியா காணாமல் போனது 6.45-க்கும் 7 மணிக்கும் நடுவில். 2011-ல் புலனாய்வு செய்தவர்கள் அந்த நேரத்தை அரை மணி நேரத்துக்கும் மேலாக முன்னால் இழுத்திருந்தார்கள். இழுத்தால்தான் பனியில் 60 கிலோமீட்டர் ஓட்டி ராக்போர்டு போய்ச் சேரமுடியும். முதலில் ஆள் கிடைத்துவிட்டான், பிறகு கடிகாரத்தை அவனுக்குத் தக்கபடி திருப்பினார்கள். இது என் வார்த்தை, ஷ்மாக் சொன்னதில்லை.

2016 ஏப்ரல் 15-ல் விடுதலை. 2017 ஏப்ரலில் நிரபராதி என்று நீதிமன்றம் சான்றிதழே கொடுத்தது.

பிப்ரவரி 16, மாலை 4.20

பீரோவுக்கு மேலே தகரப் பெட்டி. பேரனை ஏறச் சொல்லி இறக்கினேன். கல்யாணமான புதிதில் நானும் வீட்டுக்காரரும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அதில் ஒரு இன்லாண்ட், ராஜபாளையம் முத்திரை. என் கையெழுத்துதான், 'ழ'வுக்கு நான் போடும் அந்தச் சுழி யாருக்கும் வராது.

'26.12.87. இங்கே எம்.ஜி.ஆர். செத்ததிலிருந்து பஸ் இல்லை, கடை இல்லை. அம்மா வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன். அரிசி இருக்கிறது, காபித்தூள் இல்லை. லீவை நீட்டிக்கச் சொல்லி ஆபீசுக்குத் தந்தி கொடுங்கள்.'

நான்கு தடவை படித்தேன். நான் மதுரையிலேயே இல்லை. அந்தக் காபி டம்ளர்? காபித்தூள் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் காபி டம்ளர் ஞாபகம்!

ஓய்வு பெற்ற விழாவில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தோழி முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இன்று போன் போட்டுக் கேட்டேன். 'நீ சொன்னது நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்' என்றாள்.

பிப்ரவரி 16, இரவு 10.30

இழை தொடங்கியவர் விடவில்லை. 'உங்கள் ஞாபகம் தப்பு என்றால் உலகத்தில் எல்லார் ஞாபகமும் தப்பா? கோட்டயம் அபயா வழக்கு என்ன ஆச்சு?'

நியாயமான அடி. 1992 மார்ச் 27, கோட்டயத்தில் கன்னியர் விடுதிக் கிணற்றில் கன்னியாஸ்திரி அபயாவின் உடல். உள்ளூர்ப் போலீசும் மாநிலக் குற்றப்பிரிவும் தற்கொலை என்றன. அப்புறம் சி.பி.ஐ. வந்தது, முடிவு தெரியவில்லை என்று மூடப் பார்த்தது, நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, மறுபடி மறுபடி விசாரணை. 2020 டிசம்பரில், 28 வருடம் கழித்து, இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை. முக்கியச் சாட்சி ஒரு திருடர். அன்று விடியற்காலை, இடிதாங்கியின் செம்பைத் திருட விடுதிக்குள் ஏறியவர். எத்தனையோ நெருக்கடிக்குப் பிறகும் பார்த்ததை மாற்றிச் சொல்லவில்லை. 2022-ல் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை ஒட்டித் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தது.

அங்கே ஞாபகம் பிடிவாதமாக நின்றது, விசாரணை நீதிமன்றமும் நம்பியது. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். திருட வந்தவன் தன் ஞாபகத்தைச் சொல்ல முதலில் தன் திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு என் கதையால் கைதட்டுதான் கிடைத்தது. ஆனால் இதை ஒரு விதியாக நீட்ட எனக்குத் தைரியமில்லை. சிகமோரில் அந்தத் தோழிக்கு இதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. இருந்தும் தவறியது.

பிப்ரவரி 17, காலை 7.05

திருத்தம்: 12-ஆம் தேதி 'பியாரேஜான்' என்று எழுதியது நானில்லையாம், அதுவும் அந்த ஆபரேட்டர் தோழிதானாம். இனி என் ஆபீஸ் கதைகளை அவளிடம் ஒப்புதல் வாங்கித்தான் போடவேண்டும் போல.

பிப்ரவரி 17, இரவு 9.15

மரியாவின் அண்ணனைப் பற்றி யாரும் பேசவில்லை. ஐம்பது வருடத்துக்கும் மேல் காத்திருந்து ஒரு முடிவு கிடைத்தது. நாலு வருடத்தில் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் விடுதலையை எதிர்த்தார், தனி வழக்கறிஞர் வேண்டும் என்று மனுப் போட்டார், கிடைக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் கொடுத்த பதிலைத் திருப்பித் தா என்றால் யார்தான் தருவார்கள்? ஷ்மாக் செய்தது சரி என்றுதான் இன்னமும் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டுக்குப் போய் அதைச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

தெருமுனையில் உப்பு மூட்டை தூக்கிய ஜானி யார் என்பது அப்படியே நிற்கிறது. அவன் 24 என்று சொன்ன வயது உண்மையானால் இப்போது தொண்ணூறைத் தாண்டியிருப்பான்.

பிப்ரவரி 18, காலை 6.30

நேற்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சாதாரணமாகக் கேட்டேன், எம்.ஜி.ஆர். இறந்த அன்று நாம் எங்கே இருந்தோம் என்று. தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: 'நீ டியூட்டி. பஸ் ஓடலை. நான்தான் டிபன் கேரியரைத் தூக்கிக்கிட்டு எக்ஸ்சேஞ்சுக்கு நடந்து வந்தேன். இட்லி. வழியில டயர் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.'

அந்த இன்லாண்ட் அவர் பெயருக்கு வந்தது. அவர்தான் பிரித்திருக்கிறார், மடிப்பில் இன்னும் அவர் பேனாவால் குறித்த தந்திக் கணக்கு இருக்கிறது. ரசம் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன்.